யாரும் கேட்டு வாங்காத நிறம்

1955இல் அமெரிக்காவில் ஷெவர்லே கார் வாங்கப் போனவருக்கு வெளிநிறம் பற்றி யோசிக்க நிறைய இருந்தது. ஒற்றை நிறமா, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டை நிறமா, இருக்கைத் துணி அதோடு ஒத்துப்போகுமா என்று விற்பனையாளர் நீட்டிய வண்ண அட்டையை வீட்டாரோடு உட்கார்ந்து புரட்டியிருப்பார். பானட்டுக்கு அடியில் இருந்த எஞ்சினின் நிறத்தை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த வருடம் புதிதாக வந்த 265 கன அங்குல வி-8 எஞ்சின் என்றால் அது ஆரஞ்சு. பிடித்தாலும் ஆரஞ்சு, பிடிக்காவிட்டாலும் ஆரஞ்சு. எண்ணெய் அளவு பார்க்கப் பானட்டைத் தூக்கும் பெட்ரோல் பங்க் பையனுக்குத் தெரிந்த அளவுகூடக் காரின் சொந்தக்காரருக்கு அந்த நிறம் தெரிந்திருக்காது.

இன்று அதே காரைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவருக்கு வெளிநிறம் ஒரு பிரச்சினையே இல்லை. எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவே நிற்கும் தகட்டுச் சுவரில் சின்னதாக ஒரு பட்டயம் அறைந்திருக்கிறது; வண்ணத்தின் குறியீட்டு எண் அதில் இருக்கும். எஞ்சினின் வண்ணத்தை அப்படிக் காரிலேயே பொறித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பழங்கார் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கார்புரேட்டரைப் பற்றிச் சமாதானமாகப் பேசுவார்கள். எஞ்சின் நிறத்துக்குப் பேச்சு திரும்பினால் குரல் உயரும். இந்தச் சண்டையை வெகுநாளாக வேடிக்கை பார்த்து வருகிறேன். தள்ளி நின்றால் அற்பமாகத்தான் தெரிகிறது. கிட்டப் போனால், வரலாறு எழுதுகிறவர்களுக்கு வரும் அத்தனை இடைஞ்சலும் இவர்களுக்கும் வருகிறது.

எஞ்சினுக்கு எதற்கு வண்ணம்? வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். ஆலைக் கிடங்கில் இருக்கும்போதே ஈரக் காற்றில் மேலே செம்பழுப்பு படர ஆரம்பித்துவிடும். எண்ணெய்க் கசிவு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் வண்ணம் பூசிய பரப்பு வசதி. கைவேலைக்குக் காசு கொடுக்க ஆள் இருந்த புகாட்டி போன்றவர்கள் உலோகத்தை இழைத்து மினுக்கி அப்படியே விட்டார்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் எஞ்சின் இறக்கியவர்களுக்கு ஸ்பிரே கன் போதும். துருவைத் தடுக்க எந்த நிறமானாலும் சரிதான். ஆகவே எந்த நிறம் என்ற இடத்தில்தான் கம்பெனியின் குணம் வெளியே வருகிறது. ஃபோர்டின் மாடல் ஏ, 1928 முதல் 1931 வரை, பச்சை எஞ்சினோடு வந்தது. அறுபதுகளின் முதல் பாதியில் ஃபோர்டின் பல வி-8களில் பிளாக் கறுப்பு, வால்வு மூடியும் காற்றுவடிகட்டியும் மட்டும் வேறு நிறம், சிலவற்றில் பொன் போல. 1966இல் எல்லாவற்றையும் சேர்த்து நீலத்தில் முக்கிவிட்டார்கள். கிரைஸ்லரில் ஆரஞ்சே இரண்டு. 1966இல் தெருவுக்கு வந்த 426 ஹெமி எஞ்சினின் ஆரஞ்சு கொஞ்சம் சிவப்பேறியது. பின்னால் மற்ற வேக எஞ்சின்களுக்கு அடித்தது வேறு ஆரஞ்சு. சாதாரணக் குடும்பக் காரின் பெரிய எஞ்சினுக்கு நீலமும் பச்சையும் கலந்த டர்க்காய்ஸ். இந்த இரண்டு ஆரஞ்சையும் மாற்றி அடித்துவிட்டு, பழங்கார் போட்டியில் நடுவர் சொன்ன பிறகு தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸின் கதைதான் இதில் சுவையானது. ஒரே நிறுவனத்தின் பிரிவுகள் என்றாலும் ஷெவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக் ஐந்தும் தனித்தனிக் குடித்தனம் நடத்தின. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பொறியாளர்கள், சொந்த எஞ்சின், சொந்த நிறம். ஷெவர்லேயின் வி-8 ஆரஞ்சு. போன்டியாக்கில் நீலத்தின் பல சாயல்கள். பியூக் வெகுகாலம் பச்சை, பிறகு சிவப்பு. காடிலாக் கருநீலம். ஓல்ட்ஸ்மொபீலுக்கு எஞ்சினின் அளவைப் பொறுத்துப் பொன், சிவப்பு, வெண்கலம் என்று மாறும். பானட்டைத் தூக்கிய நொடியில், மேலே ஒட்டிய பெயரைப் படிக்காமலே, எந்த வீட்டுப் பிள்ளை என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

இந்தக் குடித்தனம் 1977இல் கலைந்தது. ஓல்ட்ஸ்மொபீல் டெல்டா 88 வாங்கியவர்கள் சிலர், சர்வீஸுக்குப் போன இடத்தில் ஓல்ட்ஸ்மொபீல் உதிரிப் பாகம் பொருந்தாமல், உள்ளே இருப்பது ஷெவர்லேயின் 350 எஞ்சின் என்று தெரிந்துகொண்டார்கள். ‘ராக்கெட்’ எஞ்சின் என்று ஓல்ட்ஸ்மொபீல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விளம்பரம் செய்திருந்த பெயருக்குத்தான் அவர்கள் கூடுதல் பணம் கொடுத்திருந்தார்கள். வழக்குகள் வந்தன, மாநில அரசு வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள், நிறுவனம் இழப்பீடு கொடுத்து முடித்தது. ஷெவர்லே எஞ்சின் மட்டமானது என்பதல்ல விஷயம். நன்றாகவே ஓடிய எஞ்சின் அது. தான் வாங்கியது இன்னாருடையது என்ற நம்பிக்கை போனதுதான் வழக்கு. அதே 1977 மாடல்களிலிருந்துதான் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவுகளுக்கெல்லாம் பொதுவான நீலம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஷெவர்லேயின் ஆரஞ்சு இருபத்திரண்டு ஆண்டு ஓடி நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் நீலமும் போய்க் கறுப்பு வந்தது.

ஆகவே ‘காலத்துக்குச் சரியான நிறம்’ என்று கேட்பவர் முதலில் காலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஷெவர்லே பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்பிலேயே புடைத்த எழுத்துகள் இருக்கும். அழுக்கைச் சுரண்டி டார்ச் அடித்துப் பார்த்தால் ‘சி 14 9’ என்பது போல ஒன்று தெரியும். ஆங்கில எழுத்து வரிசையில் மூன்றாவது, ஆகவே மார்ச், தேதி 14, ஒன்பதில் முடியும் ஆண்டு. 1959ஆ 1969ஆ என்பதை வார்ப்பு எண் சொல்லும். முன்பக்கம், வலது ஹெட்டை ஒட்டி இழைத்த ஒரு சின்னத் திட்டில் இன்னொரு எழுத்து: ‘எஃப்’ என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட் ஆலை, ‘டி’ என்றால் நியூயார்க் மாநிலத்தின் டோனவான்டா. அதன்பின் எஞ்சின் பூட்டிய மாதமும் தேதியும். இவ்வளவும் கிடைத்த பிறகும் ஒரு வம்பு மிச்சமிருக்கிறது. 1977 மாடல் என்பது 1976 இலையுதிர் காலத்திலேயே ஆலையைவிட்டு வர ஆரம்பித்துவிடும். மாற்றம் வந்த வாரத்தில் பழைய டிரம்மில் மிச்சமிருந்த பெயின்டை என்ன செய்திருப்பார்கள்? கொட்டியிருப்பார்களா? ஆலையில் வேலை பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் பிரிவுகள் தனித்தனி எஞ்சினுக்குத் தனித்தனி நிறம் அடித்தன என்றால், இங்கிலாந்தில் ஒரே எஞ்சினுக்கு வீட்டுக்கு வீடு வேறு நிறம் அடித்தார்கள். மோரிஸும் எம்.ஜி.யும் ஒரே குடையின்கீழ் இருந்த பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற நான்கு சிலிண்டர் வார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சாதுவான குடும்பக் காரில் அது பச்சை. 1955இல் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியபோது அரக்குச் சிவப்பு. கார்புரேட்டர் இரண்டாயிற்று, குதிரைத் திறன் கூடிற்று, அடித்தளம் அதே 1489 சி.சி. அந்த 1489 சி.சி.தான் பிறகு வங்காளத்து உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசடருக்குள் உட்கார்ந்தது. நம் ஊரில் டாக்சி ஸ்டாண்டில் நின்ற அம்பாசடரும், லண்டன் வாலிபன் காதலியை ஏற்றிக்கொண்டு போன எம்.ஜி.ஏ.வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நிறம் மறைத்துவிட்டது. நிறம் செய்த வேலையே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறாக, உண்மையைச் சொல்லிய நிறங்களும் உண்டு. ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினில் ஹெட்டின் நிறத்தைப் பார்த்தே உள்வடிவத்தைச் சொல்லலாம். ஐம்பதுகளில் சி-டைப் ஹெட்டுக்குச் சிவப்பு, பி-டைப் ஹெட்டுக்கு வெளிர்நீலம், நேர்வழிக் காற்றுக்குழல் கொண்ட வேக ஹெட்டுக்குப் பொன். 1961இல் வந்த ஈ-டைப் அந்தப் பொன் நிறத்தோடுதான் வந்தது. அது எப்படிப்பட்ட பொன், மஞ்சள் தூக்கலா, பூசணிக்காய்ச் சதை போலவா என்பதில் ஜாகுவார்க்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஃபெராரி இன்னும் ஒரு படி மேலே போனது. 1956இல் பந்தயக் கார் ஒன்றின் கேம் மூடிகளுக்குச் சிவப்பு அடித்து, காருக்கே ‘டெஸ்டா ரோசா’, அதாவது சிவந்த தலை, என்று பேர் வைத்துவிட்டார்கள். எஞ்சின் வண்ணத்துக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சரி, நிறத்தின் பெயர் தெரிந்துவிட்டது. டப்பா வாங்கி அடிக்க வேண்டியதுதானே? இங்கேதான் சண்டை சூடுபிடிக்கிறது. பெயர் என்பது நிறமாகாது. அறுபது வருடத்துக்கு முந்தைய எனாமல் சூட்டிலும் வயதிலும் மஞ்சளிக்கும். வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைச் சாயல் வரும். பழைய எஞ்சினில் மிச்சமிருக்கும் வண்ணத்தை அப்படியே நகலெடுத்தால், 1965இல் அடித்த நிறம் கிடைக்காது. 1965இல் அடித்தது இன்று ஆகியிருக்கும் நிறம்தான் கிடைக்கும். அன்றைய விளம்பரப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால், அதில் பாதி ஓவியர் கைபட்டது, மீதி அச்சுக்கூட மையின் விருப்பம். பழைய வண்ணப் புகைப்படத்திலோ சாயமே மங்கிப்போயிருக்கும். பெயின்ட் கம்பெனிகள் அன்று வெளியிட்ட வண்ணச் சில்லுகள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அவையும் அறுபது வருடம் எங்கோ ஒரு இழுப்பறையில் கிடந்தவை.

நிறமிகளும் மாறிவிட்டன. அக்காலத்து மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட்களில் ஈயக் குரோமேட் பரவலாக இருந்தது. நஞ்சு என்பதால் பின்னால் பெரும்பாலும் கைவிட்டார்கள். இன்று வேறு நிறமிகளைக் கலந்து அதே ஆரஞ்சை எட்டுகிறார்கள். வெயிலில் பழைய துண்டையும் புதிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அதே இரண்டையும் டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோங்கள். ஒன்று சிவந்து நிற்கும், மற்றது மஞ்சளித்து நிற்கும். நிறமி வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது மற்றதில் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜவுளிக் கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கிற பெண்களுக்கு இந்த விஞ்ஞானம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்று இந்த எஞ்சின்களைப் பார்த்தவர்கள் பெட்ரோல் பங்கில் வெயிலில் பார்த்தார்கள். போட்டி நடப்பதோ பல இடங்களில் மண்டபத்துக்குள், விளக்கின் கீழ்.

நிறம் கிடைத்த பிறகு வருவது அடிக்கும் விதம். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆலையில் எஞ்சினைப் பெருமளவு பூட்டி முடித்த பிறகே ஸ்பிரே அடித்தார்கள். எஞ்சின் ஒன்றுக்கு ஆளிடம் இருந்தது கொஞ்ச நேரம். எட்டிய இடத்தில் கெட்டியாக விழுந்தது, எட்டாத மூலையில் இரும்பு அப்படியே தெரிந்தது. வேண்டாத இடத்திலும் தெறித்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரங்களில் ஆரஞ்சுப் புகை படிந்திருக்கும். தண்ணீர் சுற்றி 80, 90 டிகிரியில் வைத்திருக்கும் பிளாக்கில் எனாமல் தாக்குப்பிடிக்கும். மேனிஃபோல்டில் சூடு பல நூறு டிகிரி. அங்கே தெறித்த பெயின்ட் முதல் சில நாள் ஓட்டத்திலேயே கருகி, புகைந்து, உதிர்ந்து காணாமல் போனது. புதுக் கார் வாங்கியவர்கள் அந்த நாற்றத்தைச் சொல்லிக் கவலைப்பட்டு ஆலோசனை கேட்டிருப்பார்கள்.

1974இல் அமெரிக்காவில் ஷெவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. ஆலையைவிட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் நடுவர்களின் அளவுகோல். அதைவிட மட்டமாக இருந்தாலும் மதிப்பெண் போகும், அதைவிட நேர்த்தியாக இருந்தாலும் போகும். கண்ணாடி போல மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொரு போல்ட்டையும் டேப் ஒட்டி மறைத்து, மேனிஃபோல்டில் ஒரு துளிகூடப் படாமல் அடித்தவர் தோற்றுப்போவார். ஆகவே கைதேர்ந்த புதுப்பிப்பாளர்கள் வேண்டுமென்றே அவசரமாக அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கோணத்தில் கன்னைப் பிடித்தால் தெறிப்பு சரியான ஓரத்தில் விழும் என்று ஒத்திகை பார்க்கிறார்கள். பரிசோதகர் சாக்குக்கட்டியால் கிறுக்கிய குறிகளையும், முறுக்கிவிட்ட போல்ட்டின் மேல் தொட்டு வைத்த பெயின்ட் பொட்டுகளையும்கூட அதே இடத்தில் திரும்ப வைக்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிரிக்க இடம் இருக்கிறதுதான்: அன்றைக்கு அலட்சியமாக ஓரிரு நிமிடத்தில் முடித்த வேலையை இன்றைக்கு ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அலட்சியமாகச் செய்து பார்க்கிறார். ஆனால் ஃபிளின்ட் ஆலையில் ஸ்பிரே பிடித்த தொழிலாளியைப் பற்றி வேறு யார் இவ்வளவு யோசித்தார்கள்? காரை வரைந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. எஞ்சினை வடிவமைத்தவர்களுக்குச் சிலையே வைத்திருக்கலாம். எந்தப் பக்கம் நின்று அடித்தான், அவன் கை எதுவரை எட்டியது, எங்கே சலித்துப்போய் விட்டான் என்று ஒரு தொழிலாளியின் உடம்பை அவன் விட்ட குறைகளிலிருந்து படித்து வைத்திருப்பவர்கள் இந்தப் பைத்தியங்கள் மட்டுமே. என் தயக்கம் வேறு இடத்தில். அந்தத் தெறிப்பைத் திரும்ப அடித்த கையோடு, உண்மையான தெறிப்பு கொஞ்சம் மிச்சமிருந்த எஞ்சினைச் சுரண்டி மொட்டையடித்துவிடுகிறோம். சான்றை அழித்துவிட்டுத்தான் அதன் நகலைச் செய்ய முடிகிறது. புதுப்பிக்காத கார்களுக்கென்று தனி அங்கீகாரம் கொடுக்கிற வழக்கம் பின்னால் வந்தது நல்லதுதான். உரிந்து, கருகி, பாதி துருவோடு நிற்கும் எஞ்சினே எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது. அதையே சொந்தக் கார் என்று வைத்துக்கொண்டு பானட்டைத் திறந்து காட்ட வேண்டுமென்றால் நானும் டப்பாவைத் தேடிப் போவேனோ என்னவோ.

கோவையில் ஒரு பட்டறையில் மோரிஸ் மைனர் எஞ்சினை இறக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். 948 சி.சி., ஐம்பதுகளின் கடைசியில் வந்தது. நம் ஊரில் எஞ்சின் வேலை என்றால் கடைசியில் அலுமினியப் பெயின்ட் ஒரு கை ஓட்டிக் கொடுப்பது மரியாதை. வேலை முடிந்ததற்கு அதுதான் ரசீது. அந்த எஞ்சினும் வெள்ளி நிறத்தில் இருந்தது. அதற்கு அடியில் கறுப்பு, அதற்கும் அடியில் ரெட் ஆக்ஸைடு என்று, எத்தனை தடவை ஓவராயில் செய்திருக்கிறார்கள் என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம் போல இருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றிய பக்கத்தில், டாப்பெட் மூடிகள் இரண்டுக்கும் நடுவே, எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது. மெக்கானிக் அதைத் தட்டையான திருப்புளியால் நெம்பினார். ஒரு வில்லை அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்.

“இங்க பாருங்க சார், பச்சை தெரியுதுங்க.”

உள்ளங்கையில் பாதி அளவு. அடர்ந்த, பழுப்பு கலந்த பச்சை. மோரிஸ்காரர்கள் அடித்த பச்சை. மேனிஃபோல்டுக்குப் பின்னால் எவருடைய பிரஷும் போகவில்லை, கசிந்த எண்ணெய் மேலே மூடி அதைக் காப்பாற்றியிருக்கிறது. கேஸ்கெட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்த நிறம் என்றைக்கோ துருவோடு போயிருக்கும். கார்க்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கைப்பேசியில் படம் எடுத்தார். படத்தில் அது கறுப்பாக விழுந்தது. விளக்கைப் போட்டு எடுத்தார். ஆலிவ் பச்சையாக விழுந்தது. அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டுவிடச் சொன்னேன். பாதி சுரண்டிப் பாதி விட்டால் பெயின்டர் ஒப்புக்கொள்ள மாட்டாரே என்றார். அதுவும் நியாயம்தான்.

பெயின்டர் கடைக்கு மாதிரியாகப் பெயர்த்தெடுத்த சில்லைக் கொண்டுபோய், கறுப்பும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாக விட்டு, வெயிலில் நீட்டி நீட்டிப் பார்த்துக் கலக்கி வந்தார். பிளாக்குக்கு அடித்து முடித்ததும் டப்பா தீர்ந்துபோயிற்று. மறுநாள் ஹெட்டுக்கும் டாப்பெட் கவருக்கும் புதிதாகக் கலக்கியது ஒரு இம்மி வெளுத்து நின்றது. ஆலையிலும் டிரம்முக்கு டிரம் இப்படி மாறித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள் என்று வங்கி அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆலையில எப்படி வேணா இருந்திருக்கட்டும் சார், இது என் வண்டி” என்றவர், பெயின்டரிடம் திரும்பி, மொத்தமாக ஒரு லிட்டர் கலக்கி முதலிலிருந்து அடிக்கச் சொன்னார்.